இயந்திரம் ஓடும் நேரமும் உங்கள் கை ஓடும் நேரமும்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குச் செல்கிறோம். பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று வீட்டில் ஐந்து பேர். கடந்த நான்கு ஆண்டுகளில் துணி துவைக்கும் தானியங்கி இயந்திரம், மைக்ரோவேவ் அடுப்பு, காய்கறி நறுக்கும் இயந்திரம், தரையைப் பெருக்கும் ரோபோ என ஒவ்வொன்றாக வாங்கிவிட்டோம். ஆனால் முன்பைவிட இப்போதுதான் எனக்கு நேரம் போதவில்லை. இரவு பதினொரு மணிக்கு முன்னால் படுக்கப் போனதாக நினைவில்லை. இந்தக் கருவிகளை இயக்குவதும் நான்தான். இப்போது பாத்திரம் கழுவும் இயந்திரம், துணி உலர்த்தும் இயந்திரம் இவற்றில் ஒன்றை வாங்கலாம் என்று யோசிக்கிறோம். எதை வாங்கினால் நேரம் மிச்சமாகும்? கைபேசியில் வேலைப் பட்டியலுக்கென்றே மூன்று செயலிகள் வைத்திருக்கிறேன் என்பதையும் கொஞ்சம் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை என் கண் நின்ற இடம் கடைசியில் வரும் கேள்வியில் இல்லை. "இந்தக் கருவிகளை இயக்குவதும் நான்தான்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வாக்கியத்தில். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கருவிகளைப் பற்றிப் பேசிவிடுவோம்.

நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொழிற்சாலைகளில் பணி ஆய்வு செய்தவன். கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு தொழிலாளியின் பக்கத்தில் நின்று, எந்த அசைவுக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்துக்கொள்வது என் வேலையாக இருந்தது. அங்கே புதிய இயந்திரம் ஒன்றை வாங்குவதற்கு முன் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி அது எவ்வளவு வேகமாக ஓடும் என்பதன்று. அது ஓடும்போது அதன் அருகில் ஒரு மனிதர் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைத்தான் கேட்போம். வீட்டுக்குக் கருவி வாங்கும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. "மூன்றே நிமிடத்தில்" என்று அட்டைப் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

ஒரு வேலைக்குச் செலவாகும் நேரத்தை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். உங்கள் கைகள் உண்மையிலேயே உழைக்கும் நேரம் ஒன்று; அதைக் கை நேரம் என்று வைத்துக்கொள்வோம். கை சும்மா இருந்தாலும் கண்ணோ காதோ அந்த வேலையிலேயே கட்டுண்டு கிடப்பதால் அந்த இடத்தைவிட்டு நகர முடியாத நேரம் இன்னொன்று. அது கண் நேரம். உங்களை எதற்கும் எதிர்பாராமல் கருவி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பது மூன்றாவது. அது இயந்திர நேரம். இவற்றில் முதல் இரண்டும் உங்கள் ஆயுளிலிருந்து கழிவன. மூன்றாவது ஒரு மணி நேரமானாலும் நான்கு மணி நேரமானாலும் உங்களுக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை. விளம்பரங்கள் பெரும்பாலும் மூன்றாவதைக் குறைத்துக் காட்டித்தான் கருவியை விற்கின்றன.

துணி துவைக்கும் இயந்திரத்தை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடுகிறது. கையால் துவைத்தால்கூட அவ்வளவு நேரம் ஆகாது என்று குறை சொல்பவர்கள் உண்டு. ஆனால் கையால் துவைக்கும்போது முழு நேரமும் கை நேரம். இயந்திரத்தில் போடும்போது துணியைப் பிரிப்பதற்கும், உள்ளே போடுவதற்கும், எடுத்து உலர்த்துவதற்கும், பின்னர் மடிப்பதற்கும் மட்டுமே கை தேவைப்படுகிறது. என் வீட்டில் அளந்தபோது இவையெல்லாம் சேர்ந்து இருபத்து நான்கு நிமிடங்கள் வந்தன. அவற்றில் துவைத்தல் என்று சொல்லத்தக்கது இரண்டே நிமிடம். உங்களிடம் இருப்பவற்றிலேயே உண்மையாக நேரத்தை மிச்சப்படுத்துவது இதுதான். அதையும் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டுமானால், பெரும்பாலான தானியங்கி இயந்திரங்களில் இருக்கும் தாமதத் தொடக்கப் பொத்தானைப் பழகிக்கொள்ளுங்கள். நீங்கள் எப்போது தொடங்க வசதி என்று பார்க்காமல், எப்போது எடுத்து உலர்த்த ஆள் இருப்பார் என்று பார்த்து, சுற்று அந்த நேரத்தில் முடியும்படி வையுங்கள். ஆளில்லாத நேரத்தில் முடிந்த துணி ஈரத்தோடு மணிக்கணக்கில் மூடிக் கிடந்து நாற்றமெடுத்து மறுபடியும் துவைக்கப்படும்போது, மிச்சப்பட்டது எல்லாம் அங்கேயே போய்விடுகிறது.

கண் நேரத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு பிரஷர் குக்கர். பிரெஞ்சு அறிஞர் டெனி பாப்பான் 1679-இல் லண்டனில் இதன் முன்னோடியை உருவாக்கிக் காட்டியபோது, கடினமான எலும்பையும் மென்மையாக்கும் பாத்திரம் என்றே அதை அறிமுகப்படுத்தினார். அதன் இயக்கம் இன்றும் அதேதான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு தீயைக் கூட்டினாலும் ஆவி கூடுமே தவிர வெப்பம் ஏறாது. மூடிய பாத்திரத்தில் காற்றழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கு அழுத்தம் உருவானால் தண்ணீர் சுமார் 120 பாகையில்தான் கொதிக்கும். அந்த இருபது பாகை வேறுபாடே வேகும் நேரத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது. இங்கே இயந்திர நேரம் குறைவது உண்மை. ஆனால் அடுப்பில் வைக்கும் சாதாரணக் குக்கர் உங்கள் காதைச் சமையலறையிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. குளிக்கப் போக முடியாது, பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர உட்கார முடியாது. நேரத்தை அமைத்துவிட்டால் தானே நின்றுவிடும் மின் குக்கரோ, அழுத்தம் ஏறுவதற்கும் இறங்குவதற்குமாகச் சேர்த்து, பல வேளைகளில் சாதாரணக் குக்கரைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது. ஆயினும் நான் இரண்டாவதைத்தான் பரிந்துரைப்பேன், ஏனெனில் அது உங்களை விட்டுவிடுகிறது. மெதுவான கருவி நேரத்தை மிச்சப்படுத்தும் விந்தை இப்படித்தான் நடக்கிறது.

மைக்ரோவேவ் அடுப்பைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எதையும் விரைவாகச் சூடாக்கும் என்று எண்ணுகிறோம். கொஞ்சமாக இருப்பதை மட்டுமே அது விரைவாகச் சூடாக்கும். 1945-இல் ரேடார் கருவிகளோடு வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர் கண்டறிந்த இந்த முறையில், நுண்ணலைகளின் ஆற்றல் நேராக உணவிலுள்ள நீருக்குப் போய்ச் சேருகிறது; ஆகவே உள்ளே வைக்கும் அளவு இருமடங்கானால் நேரமும் கிட்டத்தட்ட இருமடங்காகிறது. கணக்கைப் பாருங்கள். 200 மில்லி தண்ணீரை 25 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 63 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். 800 வாட் ஆற்றலைத் தரும் மைக்ரோவேவுக்கு அது ஒன்றேகால் நிமிட வேலை. ஒரு லிட்டருக்கோ ஆறரை நிமிடமாகும். அதே ஒரு லிட்டரை 2000 வாட் மின் கெண்டி மூன்று நிமிடங்களில் கொதிக்கவைத்துத் தானே அணைந்தும்விடும். ஆகவே ஒருவர் தாமதமாக வந்து சாப்பிடும்போது மைக்ரோவேவ் உதவும். ஐந்து பேருக்கும் ஒரே வேளையில் சூடாக்க வேண்டுமானால், ஐந்து தட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்து எடுத்துக்கொண்டு அதன் முன்னால் நிற்பதைவிட, எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் மூடி அடுப்பில் வைப்பதே மேல்.

காய்கறி நறுக்கும் இயந்திரத்துக்கு வருகிறேன். இங்கே எனக்கும் ஓர் ஒப்புதல் வாக்குமூலம் இருக்கிறது. வீடுகளுக்கு ஆலோசனை சொல்லும் நானே பதினொரு இணைப்புகள் கொண்ட ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். இரண்டு மாதம் நறுக்கிற்று. இப்போது பரணில் தன் பெட்டிக்குள்ளேயே உறங்குகிறது. என்ன நடந்தது என்று பிறகு உட்கார்ந்து கணக்கிட்டேன். கத்தியால் ஐந்து நிமிடத்தில் நறுக்கக்கூடியதை அது அரை நிமிடத்தில் நறுக்கியது உண்மைதான். ஆனால் அலமாரியிலிருந்து எடுத்து, சரியான தகட்டைத் தேடிப் பூட்டி, காய்களை அதன் வாய்க்கு ஏற்ற துண்டுகளாக முதலில் கத்தியாலேயே வெட்டி, வேலை முடிந்ததும் பிரித்து, ஆறு பாகங்களைக் கழுவித் துடைத்து வைக்க எனக்கு ஏழு நிமிடங்கள் ஆயின. இதைத்தான் தொழிற்சாலையில் ஆயத்த நேரம் என்போம். நறுக்கும் அளவு கூடினாலும் குறைந்தாலும் இந்த ஏழு நிமிடம் மாறாது. எனவே ஒரு வேளைச் சமையலுக்கு அந்த இயந்திரத்தை எடுப்பது நட்டம். வாரத்துக்கு ஒருமுறை மூன்று நான்கு நாட்களுக்கு வேண்டியதை மொத்தமாக நறுக்கிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொள்பவருக்கே அது ஆதாயம். உங்கள் வீட்டில் இரண்டாவது வழக்கம் இல்லையென்றால், அந்த இயந்திரத்தை யாருக்காவது கொடுத்துவிட்டு நல்ல கத்தி ஒன்றையும், அதைத் தீட்டுவதற்குச் சாணைக் கல் ஒன்றையும் வாங்குங்கள். மழுங்கிய கத்தியால் இழக்கும் நேரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

ஆயத்த நேரத்தைக் குறைப்பதைப் பற்றி உலகத் தொழிற்சாலைகளுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவர் ஷிகியோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர். 1969-இல் டொயோட்டா தொழிற்சாலையில் ஆயிரம் டன் அழுத்தப் பொறி ஒன்றில், உலோகத் தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சை மாற்ற நான்கு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அதை முதலில் ஒன்றரை மணி நேரமாகவும், பிறகு மூன்று நிமிடமாகவும் குறைத்தார்கள். அவர் பொறியை வேகமாக ஓட்டிவிடவில்லை. பொறி நின்றிருக்கும்போது மட்டுமே செய்யக்கூடிய வேலைகள் எவை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்கூட்டிச் செய்து வைக்கக்கூடியவை எவை என்று இரண்டாகப் பிரித்து, இரண்டாவது வகையையெல்லாம் முன்னால் தள்ளிவிட்டார். அவ்வளவுதான். உங்கள் வீட்டின் காலை ஏழு மணி என்பது அந்த நின்றுபோன பொறியைப் போன்றது. அந்த வேளையில் ஒரு நிமிடம் தாமதமானால் ஐந்து பேருக்கும் தாமதம். பள்ளிப் பையில் கையெழுத்துப் போட வேண்டிய தாளைத் தேடுவது, காலுறையின் இணையைத் தேடுவது, தண்ணீர்ப் புட்டியைக் கழுவுவது, கைபேசிக்கு மின்னேற்றுவது ஆகிய எதுவும் அந்த வேளையில்தான் நடந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இவற்றை முந்தைய இரவு எட்டரை மணிக்குச் செய்தால் எடுக்கும் நேரம் ஒன்றுதான் என்று நீங்கள் சொல்லலாம். இரவில் அவற்றைப் பிள்ளைகளே செய்ய முடியும். காலையில், அவசரத்தில், நீங்கள்தான் செய்வீர்கள்.

அடுத்து, பொருள்கள் இருக்கும் இடம். பணி ஆய்வு என்ற துறைக்கு வித்திட்டவர்களில் ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்ற அமெரிக்கத் தம்பதி முதன்மையானவர்கள். செங்கல் அடுக்கும் கொத்தனார் ஒரு கல்லுக்குப் பதினெட்டு அசைவுகள் செய்கிறார் என்று கவனித்த ஃபிராங்க் அதை ஐந்துக்குள் அடக்கினார். அதில் பெரும்பங்கு ஒரே ஒரு மாற்றத்தால் கிடைத்தது. ஒவ்வொரு கல்லுக்கும் தரைவரை குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தவருக்கு இடுப்பு உயரத்தில் கற்களை வைக்கும் சாரத்தை அமைத்துக் கொடுத்தார். கணவர் 1924-இல் இறந்த பிறகு, வீடு நிறையப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே லில்லியன் இதே அறிவைச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். ஏறத்தாழ அதே காலத்தில், 1926-இல், ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஃபிராங்க்ஃபர்ட் நகரின் புதிய குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சமையலறை, தொடர்வண்டியின் உணவுப் பெட்டியில் இருக்கும் சமையல் கூடத்தைப் பார்த்துப் பிறந்தது. சுமார் 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமுமே கொண்ட அந்த அறை இன்றைய பொருத்தப்பட்ட சமையலறைகளுக்கெல்லாம் மூதாய். (ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்யும்படி அதைச் சிறிதாக்கியதால் உதவ வருபவருக்கு அங்கே இடமில்லாமல் போனது என்று பின்னாளில் எழுந்த விமர்சனமும் நியாயமானதே.)

இதற்காக நீங்கள் சுவரை இடிக்க வேண்டாம். நாள்தோறும் தொடும் பொருள்கள் தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள தட்டுகளுக்கு வரட்டும். மாதத்துக்கு ஒருமுறை எடுப்பவை மேலும் கீழும் போகட்டும். ஒரு பொருளை எடுக்க இன்னொரு பொருளை நகர்த்த வேண்டியிருந்தால் அந்த இடம் தவறு. இன்னொன்று, எல்லாக் கருவிகளிலும் மிக மலிவானது இரண்டாவது கத்தரிக்கோல்தான். கத்தரிக்கோல், பேனா, அளவுக் கரண்டி, துடைக்கும் துணி, மின்னேற்றிக் கம்பி போன்றவை எங்கெங்கு தேவையோ அங்கங்கு ஒவ்வொன்று இருந்தால், அறைக்கு அறை நடப்பதும் "அதை எங்கே வைத்தாய்" என்ற விசாரணையும் மிச்சம். சாவிக்கு மட்டும் விதி நேர்மாறானது. வீட்டுக்கு ஒரே ஓர் இடம், வாசலருகே ஓர் ஆணி, எல்லார் சாவியும் அங்கேதான்.

ரோபோ துடைப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு மணி நேரம் சுற்றினாலும் அது இயந்திர நேரம், கவலை வேண்டாம். ஆனால் அதற்காகத் தரையில் கிடக்கும் கம்பிகளையும் விளையாட்டுப் பொருள்களையும் செருப்புகளையும் நீங்கள் பொறுக்கி எடுத்துவைத்தால், அதற்கு முன்னால் நீங்கள் வேலை செய்கிறீர்கள் என்று பொருள். தரையில் பொருள் விட்டவரே எடுப்பது என்று வீட்டில் சட்டம் வந்தால் அந்தக் கருவி பயன் தரும். வராவிட்டால் அதை விற்றுவிடலாம்.

மூன்று செயலிகளில் இரண்டை இன்றே நீக்கிவிடுங்கள். மூன்றாவதையும் நீங்கள் மட்டும் பார்ப்பதாக இருந்தால் அதனால் பெரிய பயன் இல்லை. குளிர்பதனப் பெட்டியின் கதவில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டிய ஒரு தாள் அதைவிட வலிமையானது, ஏனெனில் அதைப் படித்துவிட்டு "எனக்குத் தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாது. மின் கட்டணம், தொலைபேசிக் கட்டணம் போல மாதந்தோறும் திரும்பி வருபவற்றை வங்கிக் கணக்கிலிருந்து தானாகச் செல்லும்படி ஒருமுறை அமைத்துவிட்டால் அவை எந்தப் பட்டியலிலும் இடம்பெற வேண்டியதில்லை. கைபேசியை நீங்கள் பயன்படுத்த வேண்டிய இடம் வேறொன்று. அதைக் கொண்டுதான் உங்கள் நேரம் உண்மையில் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கப் போகிறீர்கள்.

1930-களில் எல். எச். சி. டிப்பெட் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் நெசவாலைகளில் தறிகள் எவ்வளவு நேரம் ஓடாமல் நிற்கின்றன என்று அறிய விரும்பினார். நாள் முழுக்க ஒவ்வொரு தறிக்கும் பக்கத்தில் ஆளை நிறுத்துவது இயலாத காரியம். ஆகவே, முன்கூட்டி ஊகிக்க முடியாத நேரங்களில் ஆலையைச் சுற்றிவந்து, அந்தக் கணத்தில் ஓடுபவை எத்தனை, நிற்பவை எத்தனை என்று மட்டும் எண்ணினார். போதிய தடவை எண்ணினால் அந்த விகிதமே நேரத்தின் விகிதத்தைச் சொல்லிவிடுகிறது. இதையே உங்களுக்குச் செய்துகொள்ளலாம். விழித்திருக்கும் வேளையில் ஒழுங்கற்ற இடைவெளிகளில், நாளைக்குப் பதினைந்து தடவை ஒலிக்கும்படி கைபேசியில் மணி வையுங்கள். நேரங்களை உங்கள் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் அவை உங்களுக்கு முன்பே தெரியாது. மணி ஒலிக்கும் கணத்தில் செய்துகொண்டிருப்பதை ஒரே சொல்லில் குறியுங்கள்: சமையல், பாத்திரம், துணி, தேடல், காத்திருப்பு, பயணம், அலுவலகம், கைபேசி, ஓய்வு. ஒரு வாரத்தில் 105 குறிப்புகள் சேரும். அவற்றில் 21 குறிப்புகள் ஒரே வகையானால், நீங்கள் விழித்திருக்கும் பதினாறு மணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல், அதற்குப் போகிறது. நூறு குறிப்புகளில் இந்த மதிப்பு எட்டு விழுக்காடு முன்பின்னாக இருக்கலாம் என்பதால் சிறிய வேறுபாடுகளைப் பொருட்படுத்த வேண்டாம். முதலிடத்தில் எது நிற்கிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். என் அனுபவத்தில், முதலிடம் வந்தது தாங்கள் எதிர்பார்த்ததுதான் என்று சொன்னவர்கள் மிகச் சிலர்.

இனி, பிறகு வருகிறேன் என்று நான் சொன்ன "இந்தக் கருவிகளை இயக்குவதும் நான்தான்" என்ற வாக்கியத்துக்கு வருகிறேன். இல்லக் கருவிகளின் வரலாற்றை ஆராய்ந்த ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983-இல் வெளியிட்ட தம் ஆய்வில் ஒரு புதிருக்கு விடை தேடினார்: குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் துவைக்கும் இயந்திரமும் வந்த பிறகும் இல்லத்தரசியின் வேலை நேரம் ஏன் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை? அவர் கண்ட விடைகளில் இரண்டு உங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்துகின்றன. ஒன்று, கருவி வந்ததும் எதிர்பார்ப்பு உயர்ந்தது. துவைப்பது எளிதானதால் உடையும் விரிப்பும் அடிக்கடி மாற்றப்பட்டன, துவைக்க வேண்டிய துணி பெருகியது. இரண்டு, முன்பு பலர் பகிர்ந்துகொண்ட வேலை ஒருவர் தலையில் வந்து சேர்ந்தது. விறகு வெட்டித் தந்த கணவரும், தண்ணீர் சுமந்த பிள்ளைகளும், கூலிக்கு வந்து துவைத்தவரும் கருவியின் வருகையோடு விலகிக்கொள்ள, பொத்தானை அழுத்தும் பொறுப்போடு மனைவி மட்டும் மிஞ்சினார். பளு குறைந்தது, நேரம் குறையவில்லை.

உங்கள் மாமியாரும் கணவரும் பிள்ளைகளும் அந்தத் துவைக்கும் இயந்திரத்தை இயக்காததற்குச் சோம்பலே காரணம் என்று நான் நினைக்கவில்லை. இருபது பொத்தான்களில் எதை அழுத்துவது என்று தெரியாமல், தவறாக அழுத்திவிட்டுக் கோபத்துக்கு ஆளாவதைவிட ஒதுங்கி இருப்பது அவர்களுக்கு எளிதாக இருக்கிறது. தொழிற்சாலையில் ஓர் இயந்திரத்தை இயக்க ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால் அதை நாங்கள் ஆபத்தாகக் கருதுவோம். எனவே ஒரு மாலையில் உட்கார்ந்து, நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் இரண்டே இரண்டு அமைப்புகளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி இயந்திரத்தின் மேல் ஒட்டுங்கள்: வெள்ளைக்கு எந்தப் பொத்தான், மற்றவற்றுக்கு எந்தப் பொத்தான், சோப்புத்தூள் எத்தனை கரண்டி. பத்து வயதுப் பிள்ளைக்கு அது போதும். முதல் மாதத்தில் ஒரு சட்டை சாயமேறிப் போகும். போகட்டும், அதைத் திட்டாமல் கடந்துவிட்டீர்களானால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் உங்கள் கையில் இருக்கும். மடிப்பும் அப்படியே. உங்களைப்போல் ஓரம் பார்த்து அவர்கள் மடிக்க மாட்டார்கள். அதைப் பிரித்து மீண்டும் நீங்களே மடிக்காமல் இருப்பது, இந்தக் கடிதத்தில் நான் சொன்ன எல்லாவற்றிலும் கடினமான ஆலோசனை என்று எனக்குத் தெரியும்.

இப்போது உங்கள் கேள்வி. ஒரு வேளைப் பாத்திரங்களுக்கு இருபது நிமிடம், நாளைக்கு இரண்டு வேளை என்று வைத்தால் கையால் கழுவ நாற்பது நிமிடம் ஆகிறது. இயந்திரம் இருந்தால் எச்சில் வழித்து அடுக்க எட்டு நிமிடம், கழுவியவற்றை எடுத்துவைக்க ஆறு நிமிடம், உள்ளே அடங்காத பெரிய பாத்திரங்களைக் கையால் தேய்க்க இன்னும் ஆறு நிமிடம். நாளொன்றுக்கு இருபது நிமிடம் மிஞ்சுகிறது. வாரத்துக்கு 140 நிமிடம். உலர்த்தும் இயந்திரமோ துணியைக் கொடியில் போடும் பத்து நிமிடத்தையும் எடுக்கும் சில நிமிடங்களையும் மட்டுமே மிச்சப்படுத்தும். ஒவ்வொரு முறையும் பஞ்சு வடிகட்டியைத் துடைக்கும் வேலையைப் புதிதாகச் சேர்க்கும். வாரத்துக்கு நான்கு சுற்றுத் துவைப்பவருக்குச் சுமார் 40 நிமிடம் ஆதாயம். ஆகவே நேரத்தை மட்டும் பார்த்தால் பாத்திரம் கழுவும் இயந்திரமே என் பரிந்துரை. துணி நாள் கணக்கில் உலராத ஈரமான இடத்தில் குடியிருந்தால் மட்டும் மறுபரிசீலனை செய்யலாம்.

வாங்கினால் இவற்றைக் கவனியுங்கள். உள்ளே அடுக்குவதற்கு முன் பாத்திரங்களைத் தண்ணீரில் அலச வேண்டாம், வழித்துக் கொட்டினால் போதும். இந்த இயந்திரத்துக்கான இப்போதைய சோப்புத்தூள்களில் உள்ள நொதிகள் ஒட்டிய மாவுப் பொருளையும் புரதத்தையும் கரைப்பதற்கென்றே சேர்க்கப்படுகின்றன. அலசி அடுக்குபவர் இரண்டு முறை கழுவுகிறார். சிக்கனச் சுற்று மூன்று மணி நேரம் ஓடுகிறதே என்று வேகச் சுற்றுக்கு மாற்ற வேண்டாம். இரவில் அது ஓடும்போது நீங்கள் உறங்கிக்கொண்டிருப்பீர்கள். காலையில் எழுந்ததும் அது காலியாக வேண்டும், அப்போதுதான் அன்றைய எச்சில் பாத்திரங்கள் தொட்டியில் குவியாமல் நேராக உள்ளே போகும். அந்த ஆறு நிமிட வேலை உங்கள் பெயரில் இருக்கக் கூடாது. அது யார் பெயரில் என்று குளிர்பதனப் பெட்டிக் கதவிலுள்ள தாளில் எழுதிய பிறகு கடைக்குப் போங்கள்.

அதற்கு முன்னால் அந்த ஏழு நாள் கணக்கை முடித்துவிடுங்கள். 105 குறிப்புகளில் "பாத்திரம்" ஐந்துக்கும் குறைவாகவே வந்திருந்தால் பணத்தை வைத்துக்கொண்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்; எது அதிகமாக வந்தது என்று சேர்த்து எழுதினால் அதிலிருந்து தொடங்கலாம்.